பிரிட்டன் பள்ளி மருத்துவப் பணி: 57ஆம் பிரிவை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் 1944 கல்விச் சட்டம் பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளிப் பாலும் மதிய உணவும் இலவச மருத்துவமும் வந்த விதத்தைக் கட்டுரையாளர் நன்றாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் சட்டத்தோடு மாற்றுத்திறன் கொண்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவு திறந்துவிட்டது என்று அவர் முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவு ஒரு பகுதிப் பிள்ளைகளைக் 'கல்வி பெற இயலாதவர்கள்' என்று சொல்லிப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971 மார்ச் முடியும்வரை அந்த நிலை நீடித்தது. யாரை வெளியே நிறுத்துவது என்பதில் எடுபட்ட சொல் ஆசிரியருடையது அல்ல, பள்ளி மருத்துவ அலுவலருடையது. உடம்பைப் பார்க்க அமர்த்தப்பட்டவரிடம் படிப்பைப் பற்றிய தீர்ப்பையும் ஒப்படைத்ததுதான் அந்த அமைப்பின் அடிப்படைக் கோளாறு என்பது என் உறுதியான கருத்து. நடைமுறையைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் அது விளங்கும். கடிதம் நீள்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்களில் பலர் உடல்தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதில் எழுந்த கவலையால் 1906இல் பள்ளி உணவுச் சட்டமும், 1907இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கிய சட்டமும் வந்தன. பரிசோதனை 1908இல் தொடங்கியது. நோயைக் கண்டுபிடிப்பது கடமையானது. குணப்படுத்துவது வெகுகாலம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1944 சட்டத்தின் 48ஆம் பிரிவுதான் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் இலவசச் சிகிச்சை பெற ஏற்பாடு செய்வதை உள்ளூர்க் கல்வி நிர்வாகத்தின் கடமையாக்கியது. 1945 விதிகளின்படி ஒரு பிள்ளைக்கு மூன்று பொதுப் பரிசோதனைகள் நடக்க வேண்டும்: பள்ளியில் சேர்ந்தவுடன் ஒன்று, தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டில் ஒன்று, பள்ளியை விட்டுப் போகும் ஆண்டில் ஒன்று.

மருத்துவர் வருவதற்கு முன்பே செவிலியர் உயரம், எடை, பார்வை மூன்றையும் பார்த்து அட்டையில் எழுதி வைப்பார். மருத்துவர் வந்து இதயம், நுரையீரல், தொண்டை, காது, முதுகெலும்பு, பாதம் என்று வரிசையாகப் பார்ப்பார். சிறு பிள்ளையானால் தாய் பக்கத்தில் இருப்பார். ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். கடைசியில் பொது உடல்நிலைக்கு ஏ, பி, சி என்று ஒரு மதிப்பீடு: நன்று, சுமார், மோசம். எடைக்கும் உயரத்துக்கும் அளவுகோல் உண்டு. 'சுமார்' என்பதற்கு என்ன அளவுகோல்? ஒரு மருத்துவர் 'நன்று' என்று எழுதிய பிள்ளையை அடுத்த ஊர் மருத்துவர் 'சுமார்' என்று எழுதினார். ஊர்களை ஒப்பிடவே முடியாமல் போனதால் 1956இல் அந்த மூன்று படிகளைக் கைவிட்டு, திருப்தி, திருப்தியில்லை என்ற இரண்டாகக் குறைத்தார்கள்.

மருத்துவரின் சொந்தக் கருத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் போருக்கு முன்பே ஒரு சான்று இருந்தது. ஜே. அலிசன் குளோவர் என்ற மருத்துவர் 1938இல் பள்ளிப் பிள்ளைகளின் டான்சில் அறுவைகளைக் கணக்கெடுத்தார். நோயில் பெரிய வேற்றுமை இல்லாத ஊர்களுக்கிடையே அறுவை எண்ணிக்கை பல மடங்கு வேறுபட்டது. லண்டனை ஒட்டிய ஹார்ன்சியில் 1928இல் 186 பிள்ளைகளுக்கு டான்சில் எடுக்கப்பட்டது. மறு ஆண்டு 12 பேருக்கு. இடையில் நடந்தது பள்ளி மருத்துவ அலுவலர் மாறியது மட்டும்தான். வாயைத் திறந்து நேரில் பார்க்கக்கூடிய விஷயத்திலேயே இப்படியென்றால், ஒரு பிள்ளையின் அறிவைப் பற்றி அதே அலுவலர் சொல்லும் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இதைச் சொல்வதால் அந்தப் பணியின் சாதனையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொற்றுநோய்த் தடுப்பில் அவர்கள் செய்த வேலை இன்றும் பாராட்டத்தக்கது. 1953 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாகவே காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போடப்பட்டது. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. காசநோய்க் கிருமி ஏற்கெனவே உடம்பில் புகுந்திருக்கிறதா என்று அறிய முதலில் தோல் சோதனை. ஹீஃப் கருவியின் ஆறு ஊசிமுனைகள் முன்கையில் ஒரே அழுத்தில் பதியும். சில நாள் கழித்து அந்த இடத்தைப் பார்ப்பார்கள். புடைப்பு இல்லாதவருக்குத்தான் ஊசி: 0.1 மி.லி. மருந்து, தோலுக்கு உள்ளேயே, மேல்கைத் தசை எலும்போடு சேரும் இடத்தில். தோலைத் தாண்டி ஆழமாகப் போனால் சீழ்க்கட்டி வரும். தோள் முனைக்கு மேலே போய்ப் போட்டால் தழும்பு தடித்து வளரும். முதல் நாள் வந்துவிட்டுப் புடைப்பைப் பார்க்கும் நாளில் வராத பிள்ளைகள்தான் பெரிய தொல்லை. அவர்களுக்குத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல் மருத்துவத்தில் நிலைமை வேறு. 1948இல் தேசிய சுகாதாரப் பணி வந்ததும் வெளியே தொழில் செய்யும் பல் மருத்துவருக்குச் செய்த சிகிச்சைக்கு ஏற்பக் கட்டணம் கிடைத்தது. மாதச் சம்பளத்தில் இருந்த பள்ளிப் பல் மருத்துவர்கள் பலர் விலகிப் போனார்கள்.

இனி கண்ணும் காதும். படிப்பைப் பற்றிய தீர்ப்புக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை இவை இரண்டும்தான். எழுத்து அட்டையை 6 மீட்டர் தூரத்தில் மாட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொல்வது எளிய சோதனை. ஆனால் வரிசையில் நிற்கும் பிள்ளை, முன்னால் நிற்பவன் படிப்பதைக் கேட்டே கடைசி வரியை மனப்பாடம் செய்துவிடும். கையால் மூடினால் விரலிடுக்கில் பார்க்கும். எழுத்துத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைக்கு நான்கு பக்கமும் திரும்பி நிற்கும் ஒரே எழுத்துள்ள அட்டை வேண்டும். அது இல்லாத இடங்களில் பார்வைச் சோதனையையே ஏழு, எட்டு வயதுக்குத் தள்ளிப்போட்டார்கள். மாறுகண்ணால் ஒரு கண் சோம்பிப்போயிருந்தால் அந்த வயதுக்குள் சிகிச்சைக்குரிய காலம் பெரும்பாலும் கடந்துவிடும்.

காதில் நடந்த தவறு இன்னும் பெரியது. பழைய முறையில் மருத்துவர் 20 அடி தள்ளி நின்று கிசுகிசுப்பார். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு கிராமபோன் செவிமானி வந்தது. இசைத்தட்டில் ஒரு குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே போகும். ஒவ்வொரு தடவையும் ஒலி குறையும். 40 பிள்ளைகள் வரை ஒரே நேரத்தில் காதில் காதொலிப்பானை வைத்துக்கொண்டு கேட்ட எண்ணைத் தாளில் எழுதுவார்கள். வகுப்பு முழுவதையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம் என்பது அதன் வசதி. எண்ணை எழுதத் தெரியாத சிறு பிள்ளைக்கு அது பயன்படாது என்பது ஒரு குறை. மனிதக் குரலைக் கொண்டு சோதித்தால் உயர்சுருதிச் செவிக்குறை பிடிபடாது என்பது அதைவிடப் பெரிய குறை.

உயர்சுருதிச் செவிக்குறை உள்ள பிள்ளையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். கதவு அடித்துக்கொண்டால் திடுக்கிடும். உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் இருப்பதால் அவை காதில் விழுகின்றன. 'ஸ்', 'ஃப்', 'த்' போன்ற மூச்சொலிகள் விழுவதில்லை. ஆங்கிலத்தில் பன்மையையும் உடைமையையும் காட்டும் கடைசி 'ஸ்' அந்தப் பிள்ளைக்கு உலகத்திலேயே இல்லாத ஒலி. ஆகவே பேச்சு மழுங்கும், வாசிப்பு பின்தங்கும், சொல்வதெழுதல் தப்பும் தவறுமாக இருக்கும். காது கேட்கிறது என்று எல்லோரும் நம்புவதால் பழி கவனமின்மையின் மேலும் மந்தப் புத்தியின் மேலும் விழுந்தது. தனித்தனிச் சுருதிகளை ஒரே அளவு மெல்லிய ஒலியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கவைக்கும் சுருதி செவிமானி 1950களில் பரவியபோதுதான் இத்தகைய பிள்ளைகள் பள்ளியிலேயே அகப்படத் தொடங்கினார்கள். அதையும் அமைதியான அறையில் செய்ய வேண்டும். உணவுக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் செய்தால் தாழ்ந்த சுருதிகளில் நல்ல காதுள்ள பிள்ளைகளும் தவறுவார்கள். செவிக்குறைக் கல்வியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஐரீன் யூவிங், அலெக்ஸாண்டர் யூவிங் தம்பதியரின் பங்கு பெரியது. 1948 முதல் 'மெட்ரெஸ்கோ' செவிக்கருவியும் இலவசமாகக் கிடைத்தது. உடம்பில் மாட்டிக்கொள்ளும் பெட்டி ஒன்று, மின்கலத்துக்குத் தனிப் பெட்டி ஒன்று, நடுவில் கம்பிகள். ஓடியாடும் பிள்ளைக்கு அது எவ்வளவு சிரமம் என்று சொல்ல வேண்டியதில்லை.

1945 விதிகள் சிறப்புக் கல்விக்குரிய பிள்ளைகளைப் பதினொரு வகையாகப் பிரித்தன: பார்வையற்றோர், குறைபார்வையுடையோர், காது கேளாதோர், ஓரளவு கேட்போர், உடல்நலம் மெலிந்தோர், நீரிழிவுள்ளோர், கல்வியில் இயல்பு நிலைக்குக் கீழுள்ளோர், வலிப்புள்ளோர், மனப் பொருத்தம் குன்றியோர், உடல் ஊனமுற்றோர், பேச்சுக் குறையுள்ளோர். 1953இல் நீரிழிவை 'மெலிந்தோர்' வகையில் சேர்த்துப் பத்தாக்கினார்கள். மெலிந்தோருக்கான திறந்தவெளிப் பள்ளிகளைப் பற்றிக் கட்டுரையாளர் நிறையவே எழுதியிருப்பதால் அதற்குள் நான் போகவில்லை. அவை குறைந்ததற்குக் காசநோய் மருந்தும் நல்ல வீடுகளும்தான் முக்கியக் காரணம் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தப் பத்தில் ஒன்பது வகைகளுக்கு உடலிலோ நடத்தையிலோ ஏதாவது அடையாளம் உண்டு. 'கல்வியில் இயல்பு நிலைக்குக் கீழ்' என்பதற்குக் கிடையாது. கல்வி அமைச்சகத்தின் 1946 வழிகாட்டுதல்படி வயதுக்குரிய தரத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பின்தங்கியவர் இதில் வருவார். பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 10 சதவீதம் பேர் இப்படி இருப்பார்கள் என்றும், அவர்களில் சிறு பகுதிக்குத்தான் தனிப் பள்ளி வேண்டும், மற்றவர்களைச் சாதாரணப் பள்ளியிலேயே கவனிக்கலாம் என்றும் அது சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் வகுப்பில் 40 பேரை வைத்துக்கொண்டு திண்டாடிய ஆசிரியர் தனிக் கவனத்துக்கு எங்கே போவார்? அவருக்குக் கிடைத்த ஒரே வழி பெயரை எழுதி மருத்துவ அலுவலருக்கு அனுப்புவது. அப்படி அனுப்பப்பட்ட பெயர்களில் அமைதியாகப் பின்தங்கிய பிள்ளையைவிடத் தொல்லை கொடுக்கும் பிள்ளைக்கு முன்னுரிமை கிடைத்ததில் வியப்பில்லை.

அடுத்தது '2 எச்.பி.' என்ற படிவம். அதை நிரப்பியவர் சில வாரப் பயிற்சி பெற்று அதற்கென ஒப்புதல் வாங்கிய மருத்துவ அலுவலர். குடும்ப வரலாறு, உடல்நிலை, ஆசிரியர் அறிக்கை எல்லாம் அதில் உண்டு. தீர்ப்பு பெரும்பாலும் நின்றது பினே நுண்ணறிவுச் சோதனையின் மேல்தான். அமெரிக்க உளவியலாளர்கள் டெர்மனும் மெரிலும் 1937இல் திருத்திய வடிவம் அது. ஐந்து வயதுக்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஆறு கேள்வித் தொகுதிகள். ஒன்றுக்கு இரண்டு மாதம் மதிப்பு. பத்து வயதுப் பிள்ளை ஒன்று ஆறாம் ஆண்டுக்குரிய ஆறையும் முடிக்கிறது, ஏழாம் ஆண்டில் நான்கு, எட்டில் இரண்டு, ஒன்பதில் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். 72 மாதத்தோடு 8, பிறகு 4. மொத்தம் 84 மாதம், அதாவது மன வயது ஏழு. 84ஐ 120ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் நுண்ணறிவு ஈவு 70. இதே பிள்ளை, கேள்வி சரியாகக் காதில் விழாமல் இன்னும் இரண்டு தொகுதிகளைத் தவறவிட்டால் 80 மாதம். ஈவு 67 ஆகிவிடும். தொகுதிகளில் பல சொல்வளத்தையும், கேட்ட எண்களையும் வாக்கியங்களையும் திருப்பிச் சொல்வதையும் சோதிப்பவை. செவிக்குறை உள்ள பிள்ளை தடுமாறுவதும் அங்கேதான். அறிமுகமில்லாத மருத்துவர், காலை உணவில்லாத வயிறு, புரியாத உச்சரிப்பு, எதுவானாலும் மாதக் கணக்கில் குறையும். செவிமானிச் சோதனை முடியாமல் இந்தச் சோதனையைத் தொடக்கூடாது என்று ஒரு கண்டிப்பான விதி இருந்திருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கை வேறு பாதையில் போயிருக்கும்.

பெற்றோருக்கு அமைச்சரிடம் முறையிடும் உரிமை சட்டத்தில் இருந்தது உண்மை. ஆனால் முறையான சான்றிதழ் பெரும்பாலும் பெற்றோர் ஒப்புக்கொள்ளாதபோதுதான் தேவைப்பட்டது. "உங்கள் பிள்ளைக்கு இது நல்லது" என்று எடுத்துச் சொல்லிச் சேர்த்துவிட்டால் முறையிட ஒரு தாள்கூட இருக்காது. சிறப்புப் பள்ளியில் சேர்ந்த பிள்ளை 16 வயதுவரை அங்கே இருந்தாக வேண்டும். 1947க்குப் பின் மற்றப் பிள்ளைகள் 15இல் வெளியேறி வேலைக்குப் போனார்கள். பள்ளியை விட்டுப் போகும்போதும் மேற்பார்வை தேவை என்று அலுவலர் கருதினால் மனவளர்ச்சிக் குறை சட்டத்தின் கீழ் இன்னொரு அறிக்கை போகும். இத்தனைக்கும் இடையே அந்தப் பள்ளிகள் வேகமாக வளர்ந்தன. 'கல்வியில் இயல்பு நிலைக்குக் கீழ்' வகைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் 1947இல் சுமார் 12,000 பேர் இருந்தார்கள். 1955இல் சுமார் 22,600 பேர். புதுக் கட்டடத்துக்குப் பொருள் கிடைக்காத போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நாட்டுப்புறத்துப் பெரிய மாளிகைகளை வாங்கி விடுதிப் பள்ளிகளாக்கினார்கள். அப்படியும் காத்திருப்போர் பட்டியல் தீரவில்லை.

யார் இந்தப் பள்ளிகளுக்குப் போனார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். லண்டன் உள்நகர்க் கல்வி நிர்வாகத்தின் 1967 கணக்கில், சாதாரணப் பள்ளிகளில் குடியேறியோர் பிள்ளைகள் 15 சதவீதம். இந்த வகைப் பகல் பள்ளிகளில் 28 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பத்தினர். அந்தப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சும் சோதனையின் ஆங்கிலமும் ஒன்றல்ல. சாதாரணப் பள்ளிக்குத் திரும்பியவர்கள் மிகச் சிலர் என்பதை அங்கே கற்பித்த கிரெனடா நாட்டு ஆசிரியர் பெர்னார்ட் கோர்டு 1971இல் பகிரங்கமாக எழுதினார். தவறான இடத்தில் சேர்ந்ததைவிடத் திரும்பிப் போக வழியில்லாததுதான் எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

கட்டுரை விட்டுவிட்ட 57ஆம் பிரிவு இந்த ஏணியின் கடைசிப் படி. இரண்டு வயது நிறைந்த எந்தப் பிள்ளையையும் பரிசோதனைக்குக் கொண்டுவரும்படி பெற்றோருக்கு உத்தரவிடலாம். மருத்துவ அலுவலரின் கருத்தைக் கேட்ட பின், அந்தப் பிள்ளை பள்ளியில் கல்வி பெற இயலாதது என்று கல்வி நிர்வாகம் முடிவு செய்தால், மனவளர்ச்சிக் குறை சட்டத்தை நடத்தும் உள்ளூர் நிர்வாகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கல்வித் துறையின் பொறுப்பு அதோடு தீர்ந்தது. நடைமுறையில் ஈவு 50 என்பது எல்லைக்கோடு மாதிரி பயன்பட்டது. மேலே காட்டிய கணக்கில் பத்து வயதுப் பிள்ளைக்கு அது 60 மாதம். அதற்குக் கீழே போனவர்களுக்கு மிஞ்சியது சுகாதாரத் துறை நடத்திய பயிற்சி மையம், மருத்துவமனை வார்டு, அல்லது வீடு. 1959 மனநலச் சட்டம் வாசகத்தை மென்மையாக்கியது. பிள்ளைகள் இருந்த இடம் மாறவில்லை.

அதை மாற்றியவர்கள் பெற்றோர்கள். 1946இல் ஜூடி ஃப்ரைட் என்ற தாய் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்து, தங்கள் பிள்ளைகளும் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட பெற்றோர் ஒன்றுசேர்ந்தார்கள். பின்னாளில் 'மென்கேப்' என்று அறியப்பட்ட அமைப்பு அப்படித்தான் பிறந்தது. 1958இல் உளவியலாளர் ஜாக் டிசார்ட், லண்டன் ஃபவுண்டன் மருத்துவமனையிலிருந்து 16 பிள்ளைகளை சர்ரேயில் புரூக்லேண்ட்ஸ் என்ற வீட்டுக்கு மாற்றினார். சிறு குழுக்கள், ஒவ்வொரு குழுவுக்கும் நிலையான பராமரிப்பாளர், நாள் முழுவதும் விளையாட்டும் பேச்சும். மருத்துவமனையிலேயே இருந்த அதே நிலைப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது இவர்களின் மொழித்திறன் தெளிவாகவே கூடுதலாக வளர்ந்திருந்தது. கல்வி பெற இயலாதவர்கள் என்று சான்று எழுதப்பட்டவர்கள்தாம் அத்தனை பேரும்.

1970இல் நிறைவேறிய சட்டம் 1971 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பயிற்சி மையங்களிலும் சிறப்புக் கவனிப்புப் பிரிவுகளிலும் இருந்த சுமார் 24,000 பிள்ளைகளும், ஏறக்குறைய 100 மருத்துவமனைகளில் இருந்த சுமார் 8,000 பிள்ளைகளும் அன்று கல்வித் துறையின் பொறுப்புக்கு வந்தார்கள். வீட்டில் முடங்கியிருந்தவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. பள்ளி மருத்துவப் பணி 1974இல் தேசிய சுகாதாரப் பணியோடு இணைந்தது. 1975இல் 2 எச்.பி. படிவத்துக்குப் பதில், ஆசிரியர், மருத்துவர், உளவியலாளர் மூவரும் தனித்தனியே எழுதும் புதிய படிவங்கள் வந்தன. பத்து வகைகளைக் கைவிட்டது 1981 சட்டம். கட்டுரையாளர் 'பிரிட்டன்' என்று பொதுவாக எழுதியிருப்பதால் இன்னொன்று: ஸ்காட்லாந்துக்குத் தனிக் கல்விச் சட்டம் உண்டு. அங்கே கடைசிப் பிள்ளைகளுக்கும் கல்வித் துறை பொறுப்பேற்றது 1974 சட்டத்துக்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி